மேல்படிப்புக்குப் பணம் தேடிய அம்பேத்கர்

பி.ஏ. பாஸ் செய்தாகிவிட்டது. மேலே படிக்க ஆசை இருக்கிறது, மூளையும் இருக்கிறது. பணம்தான் இல்லை. வீட்டில் மூத்தவர் போய்விட்டார். மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். இந்த நிலையில் உள்ள ஓர் இளைஞன் என்ன செய்வான்? கிடைத்த உத்தியோகத்தில் உட்கார்ந்து விடுவான். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் குற்றமும் இல்லை.

1913-ம் ஆண்டில் பம்பாய் பரேல் பகுதியில் இப்படி ஓர் இளைஞர் இருந்தார். அவர் உத்தியோகத்தோடு நின்றுவிடவில்லை. ஒரு மன்னரிடம் உதவித் தொகை கேட்டார். அது முடிந்ததும் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். அதுவும் போதாதபோது நண்பரிடம் கடன் வாங்கினார். 10 ஆண்டுகள் இப்படிப் பணத்தைத் தேடித் தேடி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துப் பட்டங்கள் பெற்றார். அவர்தான் டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர்.

இந்திய அரசியல் சட்டத்தை எழுதிய குழுவின் தலைவர் என்று அவரை நாடு அறியும். தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர் என்றும் அறியும். அவர் படித்த படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது, எப்போது நின்றது என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளைகளை மேலே படிக்க வைக்க நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்ள வேண்டிய கணக்கு அது.

அக்காள் நகையில் வந்த புத்தகம்

அம்பேத்கர் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, மத்திய இந்தியாவில் உள்ள மாவ் ராணுவ முகாமில் பிறந்தார். பெற்றோருக்கு 14-வது குழந்தை. தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். குடும்பத்துக்குச் சொந்த ஊர் ரத்னகிரி மாவட்டம் அம்பாவடே கிராமம். மகர் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு. சதாராவில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது சிறுவன் பீமன் மற்றப் பிள்ளைகளோடு உட்காரக் கூடாது. தனியே கோணிப்பையை விரித்து உட்கார வேண்டும். குழாயைத் தானாகத் திறந்து தண்ணீர் குடிக்கக் கூடாது.

தாயார் பீமாபாய், பிள்ளை சிறு வயதாய் இருக்கும்போதே இறந்துவிட்டார். பின்னர் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேலில் மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் சாலில் ஒரே ஓர் அறை. சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அதிலேதான். இரவு 2 மணிக்குத் தந்தை மகனை எழுப்பிப் படிக்க உட்கார்த்துவார். அதுவரை அவர் தூங்காமல் விழித்திருப்பார்.

மகனுக்குப் பாடப் புத்தகத்தோடு திருப்தி இல்லை. வேறு புத்தகங்களும் கேட்பான். பென்ஷன் பணத்தில் அதற்கு இடமில்லை. ராம்ஜி என்ன செய்தார் தெரியுமா? கல்யாணமாகிப் போன மகள்களின் வீட்டுக்குப் போய்ப் பணம் கேட்பார். மகள் கையிலும் பணம் இல்லை என்றால், அவள் போட்டிருக்கும் நகையை வாங்கிக் கொண்டு போய் மார்வாரியிடம் அடகு வைப்பார். பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அம்பேத்கருக்குக் கிடைத்த முதல் உதவித் தொகை இதுதான்.

282 மார்க்

1907-ல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தார். 750-க்கு 282 மார்க். இதைப் பார்த்து, பின்னாளில் உலகம் புகழும் அறிஞராவார் என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்த வகுப்பில் மெட்ரிக் தேறுவதே அன்று பெரிய அதிசயம். சாலில் உள்ளவர்கள் கூடிப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். சமூகச் சீர்திருத்தக்காரர் எஸ்.கே. போலே தலைமை தாங்கினார்.

அந்தக் கூட்டத்துக்கு இன்னொருவரும் வந்திருந்தார். பெயர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர். பள்ளி ஆசிரியர். மாலை நேரத்தில் சர்னி ரோடு பூங்காவில் தனியே உட்கார்ந்து படித்துக் கொண்டிருக்கும் பையனை அவர் பலநாள் கவனித்திருக்கிறார். கூட்டத்தில், மராத்தியில் தாமே எழுதிய புத்தர் வரலாற்றை அவனுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

இதற்குள் திருமணமும் முடிந்திருந்தது. பைக்குல்லா மார்க்கெட்டில் வியாபாரிகள் கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகு, இரவில், அந்தக் கொட்டகையிலேயே நடந்த திருமணம். மணப்பெண் ரமாபாய்.

மாதம் 25 ரூபாய்

எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். இன்டர்மீடியட் வரை தந்தை எப்படியோ தாக்குப் பிடித்தார். அதற்கு மேல் முடியவில்லை. படிப்பு நிற்கும் நிலை.

கேலுஸ்கருக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், தாழ்த்தப்பட்ட வகுப்பில் தகுதியுள்ள மாணவன் இருந்தால் உயர் படிப்புக்கு உதவுவதாகப் பம்பாயில் அறிவித்திருந்தார். அறிவிப்பைப் பலரும் கேட்டிருப்பார்கள். கேட்டதை நினைவில் வைத்து, உரிய ஆளை உரிய இடத்துக்கு அழைத்துக் கொண்டு போனவர் கேலுஸ்கர்தான். மன்னரிடம் நேரில் பேட்டி கிடைத்தது. மன்னர் சில கேள்விகள் கேட்டார். பையன் சொன்ன பதில்கள் பிடித்துப் போயின. மாதம் 25 ரூபாய் உதவித் தொகைக்கு உத்தரவு ஆயிற்று.

கல்லூரிப் பேராசிரியர் முல்லர் புத்தகமும் சட்டையும் கொடுத்து உதவினார். அதே கல்லூரியில், ஓட்டல் நடத்தி வந்தவர் அந்த மாணவனுக்கு டீயோ தண்ணீரோ தர மறுத்ததும் உண்டு. 1912-ல் பொருளாதாரமும் அரசியலும் எடுத்து பி.ஏ. பட்டம் பெற்றார். அந்த ஆண்டு டிசம்பரில் மகன் யஷ்வந்த் பிறந்தான்.

சூரத்தில் தவறிய ரெயில்

உதவி செய்த மன்னரின் சமஸ்தானத்திலேயே வேலை பார்ப்பது என்று முடிவு செய்தார். தந்தைக்கு அதில் சம்மதம் இல்லை. பரோடாவில் மகனைச் சாதியின் பேரால் அவமதிப்பார்கள் என்று பயந்தார். பயந்தது போலவே பின்னால் நடந்தது.

1913 ஜனவரியில் பரோடா போய் வேலையில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தி வந்தது. தந்தைக்கு உடல் நிலை மோசம். உடனே பம்பாய்க்கு ரெயில் ஏறினார். வழியில் சூரத் ஸ்டேஷனில் வண்டி நின்றது. தந்தைக்கு இனிப்பு வாங்கலாம் என்று இறங்கினார். வாங்கிக் கொண்டு திரும்புவதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. அடுத்த வண்டியைப் பிடித்து மறுநாள்தான் பம்பாய் வர முடிந்தது. ராம்ஜிக்கு உயிர் ஊசலாடிக் கொண்டிருந்தது. மகனைப் பார்த்தார், முதுகைத் தடவிக் கொடுத்தார், கண்ணை மூடினார். அன்று 1913 பிப்ரவரி 2-ந் தேதி.

பத்தாண்டு ஒப்பந்தம்

தந்தை போனபின் அவர் பரோடா வேலைக்குத் திரும்பவில்லை. அந்தச் சமயம் சாயாஜிராவ், சில மாணவர்களைச் சமஸ்தானச் செலவில் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்துக்கு அனுப்ப எண்ணியிருந்தார். அம்பேத்கர் பம்பாயில் மன்னரைச் சந்தித்தார். விண்ணப்பம் போடும்படி சொன்னார்கள்; போட்டார். தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1913 ஜூன் 4-ந் தேதி பரோடாவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. குறிப்பிட்ட பாடங்களைப் படிக்க வேண்டும். படித்து முடித்து வந்து 10 ஆண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும். இவைதான் நிபந்தனைகள்.

உதவித் தொகை மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. அன்றைக்கு ஒரு பவுனுக்கு 15 ரூபாய். ஆக ரூபாய்க் கணக்கில் 172 ரூபாய் 8 அணா. பம்பாயில் இது பெரிய சம்பளம். நியூயார்க்கில் அப்படி அல்ல. டாலர் கணக்கில் சுமார் 56 டாலர்தான். அதிலும் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

நியூயார்க்கில்

1913 ஜூலை மூன்றாம் வாரம் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். முதலில் பல்கலைக் கழக விடுதி. அங்கே சாப்பாடு ஒத்துக் கொள்ளவில்லை. இந்திய மாணவர்கள் தங்கியிருந்த வேறு விடுதிக்கு மாறினார். பிறகு லிவிங்ஸ்டன் ஹால் என்ற விடுதியில், நவல் பதேனா என்ற பார்சி மாணவர் அறைத் தோழர் ஆனார். இந்த நட்பு கடைசி வரை நிலைத்தது. அம்பேத்கரின் படிப்பு பாதியில் நிற்காமல் போனதற்கு இந்த நண்பரும் ஒரு காரணம்.

நியூயார்க்கில் அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது வானளாவிய கட்டிடம் அல்ல. பிற மாணவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடலாம். எந்தக் குழாயிலும் தண்ணீர் குடிக்கலாம். யாரும் சாதி கேட்கவில்லை.

முதல் சில மாதம் வேடிக்கை, விளையாட்டு என்று போயிற்று. பிறகு ஒரு நாள் இரவு யோசித்தார். மூன்று ஆண்டு என்பது எண்ணிக் கொடுத்த காலம். முடிந்தால் மறுபடி வராது என்று உணர்ந்தார். அன்றிலிருந்து படிப்பே கதி. நாள் ஒன்றுக்கு 18 மணி நேரம் வரை படித்தார். சினிமா இல்லை, ஊர் சுற்றல் இல்லை. சாப்பாட்டில் மிச்சம் பிடித்தார். மிச்சப்பட்ட காசு பழைய புத்தகக் கடைக்குப் போயிற்று. திரும்பும்போது சுமார் 2 ஆயிரம் புத்தகங்கள் சேர்ந்திருந்தன.

1915-ல் எம்.ஏ. பட்டம். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1916 மே மாதம், இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதம் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தார். அதே ஆண்டு ஜூனில் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வு நூலைக் கொடுத்தார். பேராசிரியர் செலிக்மன் வழிகாட்டி.

டாக்டர் பட்டம் உடனே கைக்கு வந்துவிடவில்லை. ஆய்வு நூலை அச்சிட்டுப் பிரதிகள் கொடுத்தால்தான் பட்டம் என்பது அந்தப் பல்கலைக் கழகத்தின் விதி. அச்சிடப் பணம் வேண்டுமே! நூல் 1925-ல்தான் அச்சாயிற்று. பட்டம் முறைப்படி வந்தது 1927-ல்.

பாதியில் நின்ற படிப்பு

1916 அக்டோபரில் லண்டன் போனார். ஒரே சமயத்தில் இரண்டு படிப்பு. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பொருளாதாரம். கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்பு. ஆனால் 1917-ல் பரோடா திவானிடமிருந்து கடிதம் வந்தது. உதவித் தொகைக் காலம் முடிந்துவிட்டது, திரும்பி வந்து வேலையில் சேர வேண்டும் என்று.

வேறு எவராக இருந்தாலும் சோர்ந்து போய் மூட்டை கட்டியிருப்பார்கள். அம்பேத்கர் புறப்படுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். பேராசிரியர் எட்வின் கேனனின் சிபாரிசோடு லண்டன் பல்கலைக் கழகத்துக்கு மனுப் போட்டு, 1917 அக்டோபரிலிருந்து நாலு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடரலாம் என்று அனுமதி வாங்கி வைத்துக் கொண்டார். பணம் எங்கிருந்து வரும் என்று அப்போது அவருக்குத் தெரியாது. இருந்தாலும் கதவை அடைக்காமல் வந்தார்.

முதல் உலகப் போர் நடந்து கொண்டிருந்த காலம். அவர் ஒரு கப்பலில் வந்தார். சாமான்கள் வேறு கப்பலில் வந்தன. சாமான் வந்த கப்பல் மத்தியதரைக் கடலில் டார்பிடோ தாக்கி மூழ்கிவிட்டது. அவர் சேர்த்த புத்தகங்களில் ஏராளமானவை அதோடு போயின. 1917 ஆகஸ்டு 21-ந் தேதி பம்பாய் வந்தார். கையில் காசில்லை. தொலைந்த சாமானுக்குக் கிடைத்த நஷ்ட ஈட்டுப் பணம்தான் குடும்பச் செலவுக்கும் பரோடா போகும் செலவுக்கும் உதவியது.

பரோடாவில் 11 நாள்

ஒப்பந்தப்படி பரோடா போனார். மன்னரின் ராணுவச் செயலாளர் பதவி. நிதியமைச்சர் ஆக்கும் எண்ணம் மன்னருக்கு இருந்தது. ஆனால் கொலம்பியாவில் எம்.ஏ. படித்து வந்த அந்த அதிகாரிக்கு ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. இந்து ஓட்டலில் இடம் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில், நாளைக்கு ஒன்றரை ரூபாய் கட்டணத்தில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார்.

அலுவலகத்தில் பியூன்கள் பைலைக் கையில் கொடுக்க மாட்டார்கள்; தூரத்தில் நின்று மேஜை மேல் வீசுவார்கள். குடிக்கத் தண்ணீர் கிடையாது. 11-வது நாள் காலை, அவர் அலுவலகம் புறப்படும் சமயம், கையில் தடியோடு பார்சிகள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து அறை வாசலில் நின்றார்கள். விடுதியைத் தீட்டுப்படுத்தியதாகச் சொல்லி, மாலைக்குள் காலி செய்யும்படி மிரட்டிப் போனார்கள். தெரிந்த நண்பர்கள் இருவரிடம் போய்க் கேட்டார். ஒருவர் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். மற்றவர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பம்பாய் வண்டி இரவு 9 மணிக்குத்தான். அதுவரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்து அழுதார்.

10 ஆண்டு ஒப்பந்தம் இப்படி முடிந்தது. தடியோடு வந்தவர்களும் பார்சிகள். ஆயுள் முழுவதும் கை கொடுத்த நவல் பதேனாவும் பார்சி. இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

சம்பளத்தில் மிச்சம்

பம்பாய் திரும்பியவர் டியூஷன் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்ல ஒரு நிலையம் தொடங்கினார். ஆலோசகர் இன்ன வகுப்பு என்று தெரிந்ததும் வாடிக்கைக்காரர்கள் வருவது நின்றது.

1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். சம்பளம் மாதம் 450 ரூபாய். முதலில் மாணவர்கள் அலட்சியமாக இருந்தார்கள். பின்னர் வேறு கல்லூரி மாணவர்களும் வந்து அவர் வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

450 ரூபாய் சம்பளக்காரர் அன்று பங்களாவில் குடியிருக்கலாம். அம்பேத்கர் பரேலில் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் சாலிலேயே இருந்தார். குடும்பச் செலவுக்கு என்று ஒரு தொகையை ரமாபாயிடம் கொடுத்துவிடுவார். மீதி முழுவதும் லண்டன் கணக்கில் சேரும். நாலு ஆண்டுக் கெடு நெருங்கிக் கொண்டிருந்தது அல்லவா!

1920 மார்ச்சில் வேலையை ராஜினாமா செய்தார். சேர்த்த பணம் போதவில்லை. நவல் பதேனா 5 ஆயிரம் ரூபாய் கடன் கொடுத்தார். கோல்காப்பூர் மன்னர் சாகு மகாராஜா உதவி செய்தார். அந்த ஆண்டு ஜனவரியில் அம்பேத்கர் தொடங்கிய மூக்நாயக் என்ற மராத்திப் பத்திரிகைக்கும் பொருள் உதவி தந்தவர் அவர்தான். ஜூலையில் மீண்டும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

நாலு அப்பளம்

லண்டனில் மலிவான விடுதி. காலையில் ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் மீன், ஒரு கோப்பை பானம். அவ்வளவுதான். பிறகு பிரிட்டிஷ் மியூசிய நூலகத்துக்குப் போவார். திறக்கும் நேரத்துக்கு உள்ளே போனால் மூடும் நேரத்துக்குத்தான் வெளியே வருவார். மத்தியானச் சாப்பாடு கிடையாது. பஸ் காசும் மிச்சம் பிடிக்க நடந்தே போவார்.

இரவு விடுதியில் கிடைப்பது கொஞ்சம் சூப்பும் பிஸ்கட்டும். 10 மணிக்கு மேல் மறுபடி பசிக்கும். தெரிந்த குஜராத்தி நண்பர் ஒருவர் கொடுத்த அப்பளக் கட்டு கைவசம் இருந்தது. நாலு அப்பளத்தைச் சுட்டு, ஒரு கோப்பை பாலோடு சாப்பிட்டுவிட்டு மீண்டும் படிக்க உட்காருவார். விடியும் வரை விளக்கு எரியும்.

பரேலில் ரமாபாய் பட்ட கஷ்டம் இதைவிடக் குறைவு அல்ல. அவர் விட்டுப் போன பணம் தீர்ந்ததும் அரைப் பட்டினியாகக் குடும்பத்தை நடத்தினார். அவர்களுடைய பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்து போனார்கள். அம்பேத்கரின் பட்டங்களுக்குக் கொடுத்த விலையில் ரமாபாயின் பங்கையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அவர் 1935-ல் காலமானார்.

அந்த ஆண்டுகளில் இன்னொரு இடியும் விழுந்தது. 1920-ன் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த ரூபாயின் மதிப்பு 1921-க்குள் மளமளவென்று சரிந்தது. பம்பாயிலிருந்து போகும் அதே ரூபாய்க்கு லண்டனில் முன்னைவிடக் குறைந்த பவுன்தான் கிடைத்தது. அம்பேத்கர் அப்போது ஆராய்ந்து கொண்டிருந்த விஷயமும் ரூபாயின் மதிப்புதான்!

1921 ஜூனில் எம்.எஸ்சி. பட்டம் கிடைத்தது. 1922 அக்டோபரில் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வு நூலை டி.எஸ்சி. பட்டத்துக்குக் கொடுத்தார். பாரிஸ்டர் படிப்பும் முடிந்தது. ஜெர்மனியில் பான் பல்கலைக் கழகத்தில் சிறிது காலம் படிக்கலாம் என்று போனார். அதற்குள் பேராசிரியர் கேனன் திரும்ப அழைத்தார். ஆய்வு நூலில் பிரிட்டிஷ் ஆட்சியின் நாணயக் கொள்கையைக் கடுமையாகத் தாக்கியிருந்தார். தேர்வாளர்களுக்கு அது உறைத்தது. திருத்தி எழுதச் சொன்னார்கள்.

லண்டனில் தங்கித் திருத்தப் பணம் இல்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். முடிவுகளை மாற்றவில்லை. 1923 நவம்பரில் டி.எஸ்சி. பட்டம் வந்தது. டிசம்பரில் நூல் லண்டனில் வெளியாயிற்று. கேனனே முன்னுரை எழுதினார்.

பம்பாய் ஐகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்யக் கட்ட வேண்டிய பணத்துக்கும் நவல் பதேனாதான் உதவினார்.

3 லட்சம் ரூபாய்

தாம் பட்ட பாட்டை மற்ற மாணவர்களும் பட வேண்டாம் என்று நினைத்தார் அம்பேத்கர். வக்கீல் தொழில் காலூன்றும் முன்பே, 1924-ல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். 1925 ஜனவரியில் சோலாப்பூரில் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு விடுதி திறக்கப்பட்டது. ஊருக்கு வெளியே இருந்து வரும் ஏழைப் பையனுக்குச் சம்பளச் சலுகை மட்டும் போதாது. தங்க இடமும் சாப்பாடும் வேண்டும் என்பது அவருக்கு அனுபவம் சொல்லிக் கொடுத்த பாடம்.

1942 ஜூலையில் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆனார். அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவிடம் நீண்ட கோரிக்கை மனு கொடுத்தார். அலிகார் பல்கலைக் கழகத்துக்கும் காசி இந்துப் பல்கலைக் கழகத்துக்கும் அரசு ஆளுக்கு 3 லட்சம் ரூபாய் தருகிறது. தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உயர் கல்விக்கும் அதே அளவு தர வேண்டும் என்பது அவர் வாதம்.

அரசு இணங்கியது. ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டு, 1944-ல் மெட்ரிக்குக்குப் பிந்திய படிப்புக்கான உதவித் தொகைத் திட்டம் தொடங்கியது. சில மாணவர்கள் வெளிநாட்டுப் படிப்புக்கும் அனுப்பப்பட்டார்கள். ஒரு மன்னரின் நல்ல மனத்தை நம்பியிருந்த விஷயம், சர்க்கார் பட்ஜெட்டில் ஒரு வரியாக ஏறியது. பின்னர் பழங்குடி மாணவர்களுக்கும் இது விரிந்தது. வெளிநாட்டில் பட்டமேற்படிப்புக்கான மத்திய அரசின் தனித் திட்டம் 1954-55-ல் வந்தது. இரண்டும் இன்றும் நடக்கின்றன.

பிழைப்புக்காக வேறு மாநிலம் வந்த குடும்பங்கள் இதில் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். மெட்ரிக்குக்குப் பிந்திய உதவித் தொகையை வழங்குவது மாநில அரசுகள். மாணவர் நிரந்தரமாக எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ, அந்த மாநிலம்தான் பணம் தர வேண்டும். படிப்பது வேறு மாநிலக் கல்லூரியாக இருந்தாலும் சரி. சாதிச் சான்றிதழும் அப்படியே. தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவரின் பிள்ளைக்கு, தகப்பனார் பெற்ற சொந்த மாநிலச் சான்றிதழை வைத்துத்தான் இங்கே சான்றிதழ் தருவார்கள். தகப்பனார் சான்றிதழ் இல்லாததால் கடைசி நேரத்தில் வாய்ப்பை இழந்த வீடுகள் உண்டு. கல்லூரியில் சேரும் வரை காத்திராமல், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே காகிதங்களைச் சரி செய்து வைப்பது நல்லது. அம்பேத்கர் லண்டனை விட்டுக் கிளம்பும் முன்பே நாலு ஆண்டு அனுமதியை வாங்கி வைத்ததும் இது போன்ற முன்யோசனைதான்.

காலையில் கல்லூரி

உதவித் தொகை எல்லோருக்கும் கிடைத்துவிடாது. பகலில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றியே தீர வேண்டியவர்கள் என்ன செய்வது? அம்பேத்கர் இதையும் யோசித்தார். 1945-ல் மக்கள் கல்விக் கழகத்தை ஏற்படுத்தினார். 1946 ஜூனில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. வகுப்புகள் காலை நேரத்தில். பாடம் கேட்டுவிட்டு ஆபீசுக்குப் போகலாம். குமாஸ்தாக்களும் சிறு உத்தியோகக்காரர்களும் இங்கே படித்துப் பட்டதாரி ஆனார்கள். எல்லா வகுப்பாருக்கும் இடம் உண்டு. இரவுப் பள்ளியும் நடந்தது. 1950-ல் அவுரங்காபாத்தில் இன்னொரு கல்லூரி வந்தது.

1952 ஜூனில் கொலம்பியா பல்கலைக் கழகம் அவரை அழைத்துக் கவுரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மாதம் பதினொன்றரை பவுனில் படித்த அதே இடம்.

பட்ட கடன்

தம்மைப் படிக்க வைத்தவர்களை அம்பேத்கர் மறக்கவில்லை. 1923-ல் வெளிவந்த ரூபாய் பற்றிய நூலைத் தாய் தந்தையின் நினைவுக்குக் காணிக்கை ஆக்கினார். தம் கல்விக்காக அவர்கள் செய்த தியாகத்தை அதில் குறிப்பிட்டார். 1925-ல் அச்சான கொலம்பியா ஆய்வு நூலை, கல்விக்கு உதவிய நன்றியாகச் சாயாஜிராவ் மன்னருக்குக் காணிக்கை ஆக்கினார். பரோடாவில் பட்ட அவமானம் அந்த நன்றியைக் குறைக்கவில்லை.

கேலுஸ்கர் கொடுத்த புத்தகம் என்ன ஆயிற்று? மெட்ரிக் பாஸ் செய்த பையன் அந்தப் புத்தர் வரலாற்றைப் படித்தான். அது மனதில் தங்கிவிட்டது. 49 ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14-ந் தேதி, நாகப்பூரில் லட்சக் கணக்கான மக்களோடு அம்பேத்கர் புத்த மதத்தைத் தழுவினார். புத்தரும் அவர் தம்மமும் என்ற நூலை எழுதி முடித்தார். அதற்கு எழுதிய முன்னுரையில், புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்த கேலுஸ்கரின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி டெல்லியில் அவர் காலமானார். உடல் பம்பாய்க்குக் கொண்டு வரப்பட்டு, தாதர் கடற்கரையில் தகனம் செய்யப்பட்டது. அந்த இடம்தான் சைத்யபூமி. ஆண்டுதோறும் டிசம்பர் 6-ந் தேதி லட்சக் கணக்கானவர்கள் அங்கே வருகிறார்கள். தாதரில் இறங்கினால் கடற்கரை வரை வழி நெடுகப் புத்தகக் கடைகள். வந்தவர்கள் ஊர் திரும்பும்போது கையில் ஒரு புத்தகமாவது வாங்கிக் கொண்டு போகிறார்கள்.